புதுப்பிப்பு: போகிமான் யுனைட்டில் கடைசி 2 நிமிடத் தோல்வி, தீர்வு கிடைத்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. போகிமான் யுனைட், ஐவர் ஐவராக மோதும் பத்து நிமிட வீடியோ விளையாட்டு; ஆற்றல் சேர்த்து எதிரணியின் கோலில் போட்டால் புள்ளி. நான் கேட்டிருந்தது இதுதான்: தெரியாதவர்களோடு ஐவர் அணியில் ஆடும்போது, எட்டு நிமிடம் முன்னிலையில் இருந்துவிட்டுக் கடைசியில் கோட்டை விடுகிறோமே, காசு போட்டால்தான் சரியாகுமா?

காசு தேவைப்படவில்லை. பலித்த யோசனை, "முன்னிலையில் இருந்தால் ரேக்வாசாவை (கடைசி 2 நிமிடத்தில் நடுவில் வரும் பெரிய காட்டுப் போகிமான்) நீங்களாக அடிக்கப் போகாதீர்கள், அதைச் சுற்றிக் காவல் நில்லுங்கள்" என்றது. நாம் அதன் உயிரைப் பாதி குறைத்து வைத்தால் எதிரணிக்காரர் புதரிலிருந்து பாய்ந்து கடைசி அடியை அடித்துவிடுகிறார், அப்புறம் அவர்களுக்குக் கவசம், அதோடு கடைசி 2 நிமிடம் புள்ளி வேறு இரட்டிப்பு, 50 ஆற்றலோடு ஒருவர் நம் கோலுக்குள் புகுந்தால் 100 புள்ளி போச்சு! 2 நிமிடம் இருக்கும்போது யார் முன்னிலை என்று அறிவிப்பு வருமே, அதைக் கேட்டு முடிவெடுத்தால் போதும்.

போகிமானுக்குக் கொடுக்கும் பொருட்களில் மூன்றை மட்டும் மேம்படுத்தச் சொன்னதும் உதவியது, ஆனால் பாதிதான்.

எதிர்பாராத ஒன்று: இங்கே வகைப் பொருத்தமே (எந்த வகைத் தாக்குதல் எந்த வகைப் போகிமானிடம் பலிக்கும் என்ற கணக்கு) கிடையாது. பிகாச்சுவின் மின்சாரம் நில வகைப் போகிமானான கார்சோம்ப் மேல் நன்றாகவே விழுகிறது, பழைய விளையாட்டுகளில் அதற்கு ஒன்றுமே ஆகாது. இந்த விளையாட்டின் ஜூன் 2020 அறிவிப்புக் காணொளிக்கு ரசிகர்கள் 'பிடிக்கவில்லை' என்று குத்தித் தள்ளியதற்கு, பெரிதாக ஏதோ வருகிறது என்று ஒரு வாரம் காக்க வைத்ததும் ஒரு காரணம். ஆடிப் பார்த்தால் அவ்வளவு திட்ட வேண்டியதில்லை என்றே படுகிறது.