சாய்ந்து கிடந்த சொகுசுக் கப்பலைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி (ஒன்பது வயதுச் சிறுமியின் தந்தை):
2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியா கப்பலின் படத்தைப் பார்த்த என் மகள், இவ்வளவு பெரிய கப்பலை ஒரு பாறை எப்படிச் சாய்த்தது என்றும், கரை அருகிலேயே இருந்தும் ஏன் சிலர் இறந்தார்கள் என்றும் விடாமல் கேட்கிறாள். பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் எப்படி விளக்கலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்):
அஞ்சறைப்பெட்டியைக் காட்டுங்கள். ஓர் அறையில் புகுந்த நீர் அடுத்த அறைக்குப் போகாதபடி கப்பலின் அடிப்பகுதியைத் தடுப்புச் சுவர்களால் பிரித்திருப்பார்கள். ஓரிரு அறைகள் நிரம்பினாலும் கப்பல் மிதக்கும். இங்கோ 290 மீட்டர் நீளக் கப்பலின் பக்கவாட்டைப் பாறை ஐம்பது மீட்டருக்கு மேல் கிழித்துவிட்டதால், அடுத்தடுத்த அறைகள் ஒருசேர நிரம்பின. இயந்திரப் பகுதியும் மூழ்கியதால் மின்சாரம் நின்று, சுக்கானும் பயனற்றுப் போனது. காற்றுதான் கப்பலை மீண்டும் தீவின் பக்கம் தள்ளிவந்தது. அதை நல்லூழ் என்றே சொல்வேன்.

பதில் 2 (தொடக்கப் பள்ளி ஆசிரியை):
பெட்டியை வாளி நீரில் மிதக்கவிட்டு, ஒரு பக்கத்துக் கிண்ணங்களில் மட்டும் அவளையே நீர் ஊற்றச் சொல்லுங்கள். கப்பல் அதிகம் சாய்ந்தபின் உயிர்காப்புப் படகுகளை இறக்குவது ஏன் கடினமானது என்பது அவளுக்கே புரியும். ஆனால் பாறைமீது மட்டும் பழியைப் போடாதீர்கள். தீவுக்கு வணக்கம் செலுத்துவதற்காகக் கப்பலைக் கரைக்கு மிக அருகில் கொண்டுபோனது மனிதர்கள் எடுத்த முடிவு. மோதியபின் கப்பலைவிட்டு வெளியேறும் ஆணை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலாயிரத்துக்கும் அதிகமானோரில் 32 பேர் இறந்ததையும் மறைக்க வேண்டியதில்லை, எண்ணோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

பதில் 3:
அன்றுதான் ஏறிய பல பயணிகளுக்குப் பாதுகாப்பு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்பதே அப்போதைய விதி. புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று பின்னர் மாற்றினார்கள். இதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மூன்றாவது கிண்ணம் நிரம்பியதும் பெட்டி கவிழ்ந்தது. உடனே அவள், "கேப்டன் கடைசியாகத்தானே இறங்கினார்?" என்று கேட்டாள். பயணிகள் பலர் உள்ளே இருக்கும்போதே அவர் இறங்கிவிட்டார் என்பதையும், கடலோரக் காவல் படை அதிகாரி தொலைபேசியில் அவரைத் திரும்பிப் போகச் சொன்னதையும் சொன்னேன்; வெகுநேரம் அவள் பேசவில்லை.