பாசி எடுக்கும் அக்காக்களுக்குப் புத்தகம் வேண்டும்

வணக்கம். பாம்பன் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் கடலில் பாசி எடுக்கும் அக்காக்கள். பாறை கிழித்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பென்சில் பிடிக்கிறார்கள். போன வாரம் ஒரு அக்கா ரேஷன் கார்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

1990களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் படித்து, பிறகு மறந்துபோனவர்களும் வருகிறார்கள். தொடர்ந்து வாசிக்க எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். அதனால் வாசிப்பு வட்டமும் தொடங்குகிறோம். குழந்தைக் கதை கொடுத்தால் கூச்சப்படுகிறார்கள். பெரியவர்களுக்கான சின்னப் புத்தகங்கள், பெரிய எழுத்தில், எங்கே கிடைக்கும்? அப்புறம், படிக்கும் கண்ணாடி ஒரு பத்து யாராவது வாங்கித் தர முடியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது அண்ணன்மாரும் வருவார்கள். அதற்குள் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.