காப்பித் தோட்டத்தில், அரளிக் காட்டில் பார்த்த அந்துப்பூச்சிகள்

சேலம் பக்கத்தில் அந்துப்பூச்சி பார்க்கும் மூன்று பேர் அடுத்தடுத்து எழுதியது இது. முதலில் நான், ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அந்துப்பூச்சி பார்க்க ராத்திரி கண்விழிக்க வேண்டும் என்பார்கள். எனக்குப் பிடித்ததோ பட்டப்பகலில் வருவது. பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். மஞ்சளோடிய பச்சை உடம்பு, வயிற்றின் குறுக்கே செம்பழுப்புப் பட்டை, ஒளி ஊடுருவும் சிறகு. பார்ப்பவர்கள் வண்டு என்றே சொல்வார்கள். ஹாக்மாத் என்னும் தடித்த உடம்பு அந்துப்பூச்சி வகை, செஃபோனோடஸ் ஹைலஸ் என்று பெயர். கூட்டிலிருந்து வரும்போது சிறகில் செதில் இருக்கும். முதல் பறத்தலிலேயே உதிர்ந்துவிடும். உதிர்வதை நேரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

இதன் புழு காப்பி இலை தின்னும். வால்பக்கம் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஹாக்மாத் புழுதான். உடனே மருந்துத் தெளிப்பானைத் தூக்காதீர்கள். காப்பிச் செடியைச் சாகடிப்பது தண்டைத் துளைக்கும் வண்டு. இது நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும்.

ஏற்காட்டு அண்ணா, அடுத்து எழுதும் நான் பனமரத்துப்பட்டி பக்கம். எங்களுக்கு அரளிக் காடுதான். ஆடு மாடு வாய் வைக்காத அந்த இலையை அரளி ஹாக்மாத் புழு மொட்டையாக்கிவிடும். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் தெரியும். நிஜக் கண் இல்லை, தொட்டால் தலையை உள்ளே இழுத்து அதைக் காட்டி மிரட்டும். பச்சைப் புழு பழுப்பாக மாறினால் கூடு கட்டப்போகிறது என்று அர்த்தம். ஒன்றை டப்பாவில் சருகு போட்டு வளர்த்தோம். வெளியே வந்தது பட்டாளத்து உடுப்பு போட்ட மாதிரி பச்சை, நடுவில் இளஞ்சிவப்பு. பூப்பறிக்க வந்த அக்காக்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக எழுதும் நான் சேலம் டவுன். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டி, அந்துப்பூச்சி வர விளக்குப் போடுவேன். எல்.இ.டி.க்கு அவ்வளவாக வராது, அதில் புற ஊதாக் கதிர் குறைவு. அமாவாசையை ஒட்டிப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் முதுகில் மண்டையோடு வரைந்தது போன்ற ஒன்று வந்தது. கையில் எடுத்ததும் கீச்சென்று கத்த, அம்மா விளக்கையே அணைத்துவிட்டார். தேன்கூட்டுக்குள் புகுந்து திருடும் ஆள் அது. புழு எள்ளுச் செடியிலும் இருக்கும்.

மறுபடி ஏற்காட்டிலிருந்து நான். அப்புறம், அந்துப்பூச்சிப் படம் போடுகிறவர்கள் சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் எடுங்கள். புழு என்றால் எந்தச் செடியில் இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. சேர்வராயன் கோயில் பக்கம் நீள வால் வைத்த வெளிர்பச்சை மூன் மாத்தை யாராவது பார்த்தீர்களா? எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.