"இறக்கம்" என்று சொல்ல முடியாதவர்கள்: சிபிடிக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாவற்குடா_நடை

நாலு பேர் பார்த்தாலே வேர்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு டவுனில் பஸ் ஏறினால் நான் இறங்க வேண்டியது நாவற்குடா. இறங்குவதற்கு "இறக்கம்" என்று கத்த வேண்டும். 26 வயது வரை அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. வேறு யாராவது அங்கே இறங்கினால் பின்னாலேயே நழுவிவிடுவேன். யாரும் இறங்காத நாளில் பஸ் என்னைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே பாதிப் பஸ் காலியாகும். பேரீச்சை மரத்தடியில் ஏதோ வேலையாக வந்தவன் போலக் கொஞ்சம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடப்பேன். அம்மா கேட்டால் "கூட்டாளியைப் பார்க்கப் போனேன்" என்பேன். கூட்டாளியே கிடையாது.

இதற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர். அதற்காகச் சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, தொடங்கி ஆறாவது கிழமை. பயப்படுகிற விஷயங்களுக்கு 0 முதல் 100 வரை புள்ளி போட்டு ஏணி மாதிரி எழுதியிருந்தோம். "இறக்கம்" 70இல் இருந்தது. போவதற்கு முன் என்ன நடக்கும் என்று எழுதச் சொன்னார் சிகிச்சை தருகிற சேர். "குரல் உடையும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், யாராவது சிரிப்பார்கள்" என்று எழுதினேன். எவ்வளவு நிச்சயம்? 90 வீதம். ஒரு நிபந்தனையும் போட்டார். ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும். யாரோடோ கதைப்பது போல அதைக் காதில் வைத்துக்கொள்வதுதான் என் தப்பிக்கும் வித்தை.

கல்லடிப் பாலம் தாண்டியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. நொச்சிமுனை போனது. சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன், ஆட்டுக்குட்டி கத்துவது போல வந்தது. கொண்டக்டர் திரும்பி, "முன்னுக்கே சொல்லப்படாதா தம்பி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதாவது நான் எழுதிக் கொடுத்தது அப்படியே நடந்தது. அடுத்த கிழமை போய், "பாருங்க சேர், நான் சொன்னதுதான் சரி" என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "சரி, அதுக்குப் பிறகு?"

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். வேறொன்றும் நடக்கவில்லை. இப்போது ஒரு வருஷம். நாவற்குடாவிலேயே இறங்குகிறேன். ஆனால் அந்தக் கொழுக்கட்டை மட்டும் இரவில் வந்து நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது தங்கியிருக்கிறதா?

சாய்ந்தமருது_மகள்

உங்களுக்குப் பஸ், எனக்குத் தேத்தண்ணி. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தட்டில் ஆறு கப். கோப்பையும் சோசரும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, மாப்பிள்ளையின் முகம் ஞாபகமில்லை. அந்தப் பேச்சு பிறகு நின்றுபோனது. என் கைதான் காரணம் என்று மூன்று வருஷம் நினைத்திருந்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் நான் குசினிக்குள்தான்.

சிபிடிக்குப் போன இடத்தில் மிஸ் என்னை இரண்டு தரம் தேத்தண்ணி பரிமாற வைத்து ஃபோனில் படம் எடுத்தார். முதல் தரம் என் வித்தைகள் எல்லாவற்றோடும்: கப்பை இறுக்கிப் பிடிப்பது, தலையைக் குனிவது, கையையே பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டாம் தரம் அதையெல்லாம் விட்டுவிட்டு எதிரில் இருப்பவரைப் பார்த்து "சீனி காணுமா?" என்று கேட்க வேண்டும். வீடியோவைப் போடுவதற்கு முன், "எவ்வளவு நடுங்கியிருக்கும்? நடித்துக் காட்டுங்க" என்றார். காய்ச்சல்காரி போல நடுங்கிக் காட்டினேன். வீடியோவில் அதில் கால்வாசியும் இல்லை. முதல் தரம்தான் பார்க்க ஒரு மாதிரி இருந்தது, களவெடுத்த சாமானைக் கொண்டுபோகிறவள் போல. மறைக்கப் போட்ட வித்தைதான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்துவிட்டு, "எங்க புள்ள நடுங்குது? ஒழுங்கா ஒரு சட்ட போட்டுப் போயிருக்கலாமே" என்றார். "அண்டைக்கும் உங்களுக்குத் தெரியல்லியா உம்மா?" என்று கேட்டேன்.

"எண்டைக்கு?"

அந்த "எண்டைக்கு"தான் எனக்குத் தங்கியிருப்பது. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

வாழைச்சேனை_மச்சான்

தம்பி கோபிக்கக் கூடாது. கொண்டக்டர் சிரித்ததற்கெல்லாம் வைத்தியமா? தாலி கட்டிய அன்று எனக்கும்தான் சட்டை நனைந்தது. அதற்கு எங்கள் ஊரில் வெக்கம் என்று பெயர். கழகக் கூட்டத்தில் ஒரு தரம் பேச வேண்டி வந்தபோது கூட்டாளி ஒருவன் தன்னுடைய ப்ரோப்ரனலோல் மாத்திரையில் ஒன்று தந்தான். போட்டேன், பேசினேன், முடிந்தது. 14 கிழமை போய் இருந்து "எனக்கு என்ன எண்ணம் வந்தது" என்று கொப்பியில் எழுதத் தேவையில்லை.

பாமசி_தம்பி

என் கதை இரண்டு வரி. பாமசியில் வேலை, ஆட்கள் மருந்தின் பெயர் கேட்டால் குரல் அடைக்கும், 12 அமர்வு போனேன், இப்போது பரவாயில்லை.

ஆனால் வாழைச்சேனை அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. முதலாவது, ஒருவருக்கு எழுதிய ப்ரோப்ரனலோலை இன்னொருவர் போடவே கூடாது. ஆஸ்துமா உள்ள ஒருவர் அதைப் போட்டால் மூச்சுக்குழாய் சுருங்கி ஆபத்தாகும். அது நெஞ்சு அடிப்பையும் கை நடுக்கத்தையும் கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான். "என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்ற எண்ணம் அங்கேயே இருக்கும். சமூகப் பதற்றத்துக்கு என்ன சிகிச்சை என்று, மருத்துவ வழிகாட்டிகள் எழுதும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது வயது வந்தவர்களுக்கு முதலில் சொல்வது தனியாள் சிபிடி. கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995இல் எழுதிய மாதிரிப்படி செய்தால் 90 நிமிஷ அமர்வுகள் 14, ஏறக்குறைய நாலு மாதம். சிபிடி வேண்டாம் என்கிறவர்களுக்கு செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை. அவை வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும். டொக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இரண்டாவது, வெக்கம் வேறு இது வேறு. வெக்கப்படுகிறவர் கலியாண வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் இருப்பார். இது உள்ளவர் கலியாணத்துக்கே போகமாட்டார். போனாலும் அன்றிரவு முழுக்க "ஏன் அப்படிச் சொன்னேன்" என்று அரைத்துக்கொண்டிருப்பார். நாவற்குடாத் தம்பியின் கொழுக்கட்டை அந்த அரைப்புத்தான். அது வரும்போது அதோடு வாதாடாதீர்கள், எழுந்து வேறு வேலை பாருங்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 19 வயதில் நியூயோர்க்கில் ஒரு தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் இருந்து, முன்பின் தெரியாத 100 பெண்களோடு பேச்சுக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒருவர் சந்திக்கச் சம்மதித்தாராம், அவரும் வரவில்லையாம். ஆனால் பயம் போய்விட்டது. அந்தத் துணிவு வேண்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம்.

சாய்ந்தமருது_மகள்

பாமசித் தம்பி, அந்த வெள்ளைக்காரரை மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் 100 பெண்களோடு கதைக்கச் சொல்லுங்கள். நாலாவது பெண்ணின் நானாமார் வந்து முழுப் பயத்தையும் எடுத்துவிடுவார்கள். ஊருக்கேற்ற ஏணி வேண்டாமா? எனக்கு மிஸ் கடைசிப் படியாகத் தந்தது துணிக்கடையில் பத்துச் சல்வாரை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது. அதுவே எனக்கு 95.

படுவான்கரையான்

உங்களைவிட வயது கூடியவன். 1990இல் எனக்கு 17. ஆமி ஊரைச் சுற்றி வளைக்கிற ரவுண்டப்பில் எங்களை வரிசையாக உட்கார வைத்து, ஆள் காட்டிக்கொடுக்கிற முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக விடுவார்கள். அந்தத் தலை அசைந்தால் முடிந்தது. பிறகு மண்முனையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்கிற காலம் முழுக்க, அக்கரையில் ஒரு கேள்வி, இக்கரையில் ஒரு கேள்வி. யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் உயிர்.

40 வயதுக்குப் பிறகு, மகளின் பாடசாலைக் கூட்டத்தில் எழுந்து பெயர் சொல்ல முடியாமல் வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் போனேன். எண்ணங்களை எழுதும் தாளில் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைப் பார்த்தால் ஆபத்து என்பதற்கு ஆதாரமா? எத்தனை பேரின் பெயர் வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனையை எடுத்து, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, "திகதி" என்று எழுதியது. "எல்லாத்தையும் எழுதுங்க ஐயா. எந்த வருஷம் எண்டும் எழுதுங்க."

எழுதினேன். கீழே வரவரத் திகதிக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. வாழைச்சேனை மச்சான், கொப்பியில் எழுதுவதைச் சிரிக்காதீர்கள்.

பின்_வாங்கு

எனக்கு மூன்று அமர்வோடு நின்றுவிட்டது. பார்த்தவர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வரவில்லை. அதனால் சிபிடி நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு மறக்காதது கிளினிக்கின் வாங்கு. வெளியே "மனநலப் பிரிவு" என்று பெரிதாகப் போர்ட். கீழே நாங்கள் வரிசையாக, ரோட்டால் போகிறவன் எல்லாம் பார்க்க. அந்த வாங்கில் இருப்பதே என் ஏணியின் உச்சிப் படி. அதை முதல் நாளே ஏற வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து இருந்தவர் என் ஏஎல் சேர். வகுப்பில் இடி மாதிரிக் கதைப்பவர். இருவரும் ஒருவரை ஒருவர் காணாதது போல 40 நிமிஷம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் நம்பரைக் கூப்பிட்டபோது, முகத்தைத் திருப்பாமலே, "போ, போ, உன்னைத்தான்" என்றார்.

அவரோடு கதைத்திருக்கலாம். என்ன கதைப்பது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

வாழைச்சேனை_மச்சான்

படுவான்கரை அண்ணே, நான் சொன்னதை விடுங்க. மாத்திரை தந்த கூட்டாளி இப்போது எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அவனுக்கு அந்த 1926ஐ அனுப்பிவிட்டேன்.

நாவற்குடா_நடை

எல்லாருக்கும் நன்றி. பாமசி அண்ணன் சொன்னபடி கொழுக்கட்டை வந்தால் எழுந்து பாத்திரம் கழுவுகிறேன். அம்மாவுக்குத்தான் சந்தேகம்.

இன்று பின்னேரம் அதே பஸ், அதே கொண்டக்டர். நொச்சிமுனை தாண்டியதும் தொண்டையைச் செருமித் தயாரானேன். நான் வாய் திறப்பதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டு, "நாவற்குடா! கொழுக்கட்டை இறக்கம்!" என்று முழுப் பஸ்ஸுக்கும் கேட்கக் கத்தினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாளை மறுநாள் அமர்வு. சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டான், இதைத் தாளில் எழுதலாமா கூடாதா?