மறு: பவர் ஸ்டியரிங்: விசையா, துணைவிசையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் கைச்சக்கரத்தை இலகுவாகத் திருப்ப உதவுகிற பவர் ஸ்டியரிங்குக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நம் சொற்பட்டியலுக்கு இதுவரை வந்தவை: திறன் திசைமாற்றி, விசைத் திசைமாற்றி, நீரியல் (ஹைட்ரோலிக்) சுக்கான். என் பரிந்துரை 'துணைவிசைச் சுக்கான்'. 'துணை' ஏன் வேண்டும் என்பது இலக்கணத்தில் தெரியாது, கராஜில்தான் தெரியும்.

'திறன்' வாட்டில் அளப்பது. அதை விட்டுவிடலாம். 'விசைத் திசைமாற்றி' என்றால் விசைதான் சில்லைத் திருப்புகிறது என்று ஆகிவிடும். எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களுக்கு அது சரி. மேலே சக்கரத்தைத் திருப்புகிறவர் கட்டளை மட்டும்தான் அனுப்புகிறார். பின்புறத்தில் இருக்கிற எண்ணெய் அழுத்தப் பொறிதான் சுக்கானைத் தள்ளுகிறது. பொறி நின்றால் மேலே எவ்வளவு சுற்றினாலும் கீழே ஒன்றும் அசையாது. எண்ணெயில் ஓடும் கார் ஸ்டியரிங் அப்படியல்ல. எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கிற பம்ப் செத்தாலும், அந்தப் பம்பை இஞ்சினிலிருந்து சுற்றுகிற பெல்ற் அறுந்தாலும் கைச்சக்கரத்திலிருந்து முன்சில்லு வரை இரும்புத் தொடர்பு அறுவதில்லை. கை நோகும், ஆனால் திரும்பும். எண்ணெய் அழுத்தம் செய்வது கூடமாட உதவி மட்டுமே.

இந்த வித்தியாசம் தெரியாமல் காசு போகிறது. ரொயோட்டா 110 போன்ற பழைய கார் வைத்திருப்பவர் கராஜுக்கு வரும்போதே, "ஸ்டியரிங் இறுக்கம், பம்ப் போயிட்டுது, ரீகண்டிஷன் பம்ப் ஒண்டு போட்டு விடுங்கோ" என்று தீர்ப்போடுதான் வருவார். நல்ல மெக்கானிக் முதலில் ரயரில் காற்றுப் பார்ப்பார். பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இஞ்சினை நிறுத்திவிட்டு, கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புவார். சில்லு தரையில் இல்லை, ஆகவே இலகுவாக வரவேண்டும். ஓரிடத்தில் பிடித்து, பிறகு விட்டு, மறுபடி பிடித்தால் ஸ்டியரிங் தண்டிலுள்ள மூட்டு துருப்பிடித்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இறுக்கம் என்றால் போல் ஜொயின்ற் (சில்லுப் பக்கத்துக் குண்டு மூட்டு) அல்லது றாக் (கைச்சக்கரச் சுழற்சியை இட வல நகர்வாக்கும் பற்சட்டம்). எதுவாயிருந்தாலும் பம்புக்கு இதில் பங்கில்லை. உதவி நின்றுவிட்டதா, உதவி பெறுகிற பொருள் இறுகிவிட்டதா என்று பிரித்துக் காட்டுவது இந்த ஒரு சோதனைதான்.

இஞ்சின் ஓடும்போது வேறு குணங்கள். ஐடிலில் கனத்து, அக்சிலேட்டர் கொடுத்தால் இலகுவானால் பெல்ற் வழுக்குகிறது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. இடப்பக்கம் இலகு, வலப்பக்கம் மட்டும் கனம் என்றால் பெரும்பாலும் றாக்கையும், எண்ணெயை இடம் வலம் பிரித்துவிடுகிற அதன் வால்வையும்தான் சந்தேகிக்க வேண்டும். பம்புக்கு இடம் வலம் தெரியாது, இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தைத்தான் கொடுக்கிறது. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் கனத்து, சூடேறியதும் சரியாகிற பழைய றாக்குகளும் உண்டு. வால்வு வளையங்கள் உராய்ந்து உறையில் பள்ளம் விழுந்து, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிவதால் வருவது அது. இதற்கு 'காலைக்கனம்' என்று ஒரு சொல் வைக்கலாமா?

ஆட்களை மிகவும் ஏமாற்றுவது சத்தம். திருப்பும்போது பம்ப் முனகும், தரையில் ஒரு சொட்டு எண்ணெயும் இராது. எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் சிவப்பு எண்ணெய் வெளிறி நுரைத்துக் கிடக்கும். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான் உண்டு. கிளிப் தளர்ந்தால் எண்ணெய் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். 'ஒழுக்கு' என்ற ஒரே சொல் இதற்குப் போதாது. வெளியே போவது 'ஒழுக்கு', உள்ளே காற்று புகுவது 'காற்றேற்றம்' என்று பிரித்தால் படிக்கிற பிள்ளைக்குத் தேடவேண்டிய இடமும் சொல்லிலேயே கிடைக்கும். கிளிப்பை இறுக்கி, எண்ணெய் ஊற்றி, முன்பக்கத்தைத் தூக்கி இஞ்சின் ஓடாமல் இரு கோடிக்கும் பல தடவை திருப்பினால் காற்று வெளியேறும். எண்ணெயும் எதையாவது ஊற்றக் கூடாது. 110க்கு டெக்ஸ்ரோன் வகை ஓட்டோ கியர் எண்ணெய் (ATF) பொருந்தும். ஹொண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய்தான், மற்றது சீல்களைக் கெடுக்கும். நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கிற வாகனம் என்றால் அழுத்தக் குழாயின் இரும்பு முனையையும் துருவுக்குப் பாருங்கள்.

கடைசியாக, கைச்சக்கரம் இனித் திரும்பாது என்கிற எல்லைக்கு 'முழுவெட்டு' என்கிறேன். "வலப்பக்கம் வெட்டு" என்று இங்கே சொல்வதுதான். முழுவெட்டில் சில விநாடிக்கு மேல் பிடித்து வைத்தால் அழுத்தம் மிஞ்சி, அதற்கென்று இருக்கிற விடுவிப்பு வால்வு திறந்து, எண்ணெய் பம்பைச் சுற்றியே ஓடிக் கொதிக்கும்.

---

> கைச்சக்கரம் இனித் திரும்பாது என்கிற எல்லைக்கு 'முழுவெட்டு' என்கிறேன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே "ஃபுல்லா ஒடி" என்பார்கள். வெட்டு என்றால் எங்களுக்கு வேறு. 'முழு ஒடிப்பு' என்றால் இரு கரைக்கும் புரியுமா? காலைக்கனம் அருமை, காற்றேற்றமும் ஏற்பு. ஆனால் சுக்கான் படகின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கிற பலகையாயிற்றே? மேலும் 'நீரியல்' பாடநூலில் ஏற்கெனவே இருக்கிற சொல். அதை ஏன் தள்ளவேண்டும்?

---

ஐயா, சுக்கான் பலகைதான், மறுக்கவில்லை. ஆனால் "சுக்கான் பிடிக்கிறவர்" என்று சொல்லும்போது அவர் பலகையைப் பிடிப்பதில்லை. கைப்பிடி முதல் பலகை வரை முழுவதையும் அந்தச் சொல் ஏற்கெனவே சுமக்கிறது. காரிலும் முழு அமைப்புக்கு சுக்கான், கையில் இருப்பதற்கு சுக்கான் சக்கரம். தமிழ்நாட்டில் திசைமாற்றி வேரூன்றியிருந்தால் 'துணைவிசைத் திசைமாற்றி' என்று எழுதுங்கள், சண்டையில்லை. துணைவிசையை மட்டும் விடாதீர்கள்.

நீரியலைத் தள்ளுவதற்குக் காரணம் உள்ளே ஓடுவது எண்ணெய் என்பது மட்டுமல்ல. 1951இல் கிறைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தபோது எண்ணெய்தான் வழி. 1988இல் சுசுகி செர்வோவில் மின்மோட்டார் வந்துவிட்டது. அங்கே பம்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, உதவி மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணெய்த் துணைவிசை, மின் துணைவிசை என்று முன்னொட்டைச் சேர்த்தால் இரண்டும் ஒரே குடைக்குள் வரும். பிறகு வந்த, இரும்புத் தொடர்பே இல்லாத முழு மின் சுக்கானுக்கு வேண்டுமானால், 'துணை' இல்லாத வெறும் 'விசைச் சுக்கான்' காத்திருக்கட்டும்.

முழு ஒடிப்பு எனக்குச் சம்மதம். பட்டியலில் இரண்டையும் போடுகிறேன், வெட்டுக்குப் பக்கத்தில் 'இலங்கை வழக்கு' என்று குறித்து.