பாலின் எஸ்.என்.எஃப். 7.9-ல் நிற்கிறது: பிண்ணாக்கைக் கூட்டுவதா, மக்காச்சோளத்தைச் சேர்ப்பதா?

தொழுவம்_தாராபுரம்:
எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புப் பசு. எடை 400 கிலோ, கன்று போட்டு 70 நாள், தினம் 12 லிட்டர். பால் சொசைட்டியில் கொழுப்பு 3.8%, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 7.9%. தருவது: கோ-5 (கம்பு நேப்பியர் ஒட்டு) புல் 20 கிலோ, வைக்கோல் 3 கிலோ, கம்பெனித் தீவனம் 3 கிலோ (புரதம் 20%), கடலைப் பிண்ணாக்கு 1.5 கிலோ. எஸ்.என்.எஃப். ஏற, பிண்ணாக்கை 2.5 கிலோவாக ஏற்றலாமா?

பருத்திக்கொட்டை:
தாராளமாக ஏற்றுங்கள். கொழுப்பும் தண்ணீரும் நீங்கலாகப் பாலில் இருப்பது புரதம், லாக்டோஸ் (பால் சர்க்கரை), தாது உப்பு. லாக்டோஸ் லேசில் அசையாது, தாதுவும் அப்படியே. கூட்டக்கூடியது புரதம் மட்டுமே. அதற்கு வெளியிலிருந்து புரதம் போக வேண்டும். நல்ல கடலைப் பிண்ணாக்கில் 42% இருக்கிறது.

தீவனக்கணக்கு:
கொஞ்சம் பொறுங்கள் சார், முதலில் கூட்டிப் பார்த்துவிடலாம்.

400 கிலோ பசு உடம்பைக் காத்துக்கொள்ள 3.1 கிலோ செரிமானச் சத்து (டி.டி.என்., எரிசக்தியை அளக்கும் கணக்கு), 320 கிராம் புரதம் தேவை. 4% கொழுப்புள்ள பால் லிட்டருக்கு 0.32 கிலோ சத்தும் 90 கிராம் புரதமும் மேற்கொண்டு வேண்டும். 12 லிட்டருக்குச் சேர்த்தால் சத்து 7 கிலோ, புரதம் 1.4 கிலோ.

இப்போது போவது எவ்வளவு?

புல் 20 கிலோ: ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், உலர்பொருள் 4 கிலோதான். சத்து 2.15, புரதம் 0.38.
வைக்கோல்: சத்து 1.1, புரதம் 0.1.
கம்பெனித் தீவனம்: சத்து 2, புரதம் 0.6.
பிண்ணாக்கு: சத்து 1.05, புரதம் 0.63.

மொத்தம் சத்து 6.3, புரதம் 1.7. புரதம் 300 கிராம் உபரி, எரிசக்தி 0.7 கிலோ பற்றாக்குறை. உபரியாக இருப்பதையே இன்னும் 400 கிராம் கூட்டச் சொல்கிறீர்கள்.

மாடு பிண்ணாக்கின் புரதத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதில் பெரும்பகுதியை முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைத்து, அதிலிருந்து தங்கள் உடலைக் கட்டுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் சிறுகுடலில் செரிக்கும்போதுதான் மாட்டுக்குப் புரதம் கிடைக்கிறது. அவற்றுக்கு எரிசக்தி மாவுச்சத்திலிருந்தும் நாரிலிருந்தும் வர வேண்டும். அது போதாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாகி, சிறுநீரிலும் பாலிலும் போய்விடும். அந்த வேலைக்கும் எரிசக்தி செலவு. சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

பருத்திக்கொட்டை:
உங்கள் கணக்கு புல்லில் சறுக்குகிறது. 4 கிலோ உலர்பொருளில் 0.38 என்றால் 9.5% புரதம்; அது 45 நாளில் வெட்டிய புல்லுக்கு. தண்ணீர் இருக்கிறதே என்று ஆளுயரம் விட்டு, 70 நாள் கழித்து வெட்டினால் தண்டு முற்றி 6% தேறுவதே பெரிது. உபரி என்று நீங்கள் காட்டும் 300 கிராமில் பாதி அங்கேயே போய்விடும்.

தீவனக்கணக்கு:
போகட்டும், 150 கிராம் மிச்சம் நிற்கிறதே. புல் முற்றினால் புரதம் மட்டுமா இறங்கும்? நாரில் லிக்னின் என்ற செரிக்காத மரப்பொருள் ஏறும், செரிமானம் குறையும், சத்துக் கணக்கும் கூடவே இறங்கும். பற்றாக்குறை 0.7-லிருந்து 1 கிலோவை நோக்கிப் போகும். என் வாதத்துக்குத்தான் நீங்கள் வலு சேர்க்கிறீர்கள்.

என் பரிந்துரை: பிண்ணாக்கை 750 கிராமாகக் குறைத்து, மக்காச்சோளம் 1.5 கிலோ சேர்க்கவும். சத்து 6.9, புரதம் 1.5 வரும். ஒரு கிலோ செரிமானச் சத்துக்குச் சுமார் 130 கிராம் நுண்ணுயிர்ப் புரதம் உருவாகும். சேரும் 0.6 கிலோவுக்கு ஏறக்குறைய 80 கிராம்.

மாட்டுக்காரவேலன்77:
மாவுச்சத்துதான் குறை என்றால் ரேஷன் அரிசியை வேகவைத்து ஊற்றினால் போயிற்று. மக்காச்சோளம் விற்கிற விலைக்கு எதற்கு வீண் செலவு?

பருத்திக்கொட்டை:
ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள். வெந்த சோறு முதல் வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் ஏறி, பி.எச். (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு) 5.5-க்குக் கீழே போனால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். அசை போடுவது நிற்கும், சாணம் இளகி நுரைக்கும், மாடு படுத்துவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடு செத்துப்போவது இதனால்தான்.

தீவனக்கணக்கு:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. மக்காச்சோளத்தையும் மாவாக அரைக்கக் கூடாது, ரவை பதம் போதும். ஒரே வேளையில் கொட்டாமல் 3 வேளையாகப் பிரித்து, வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு வைக்க வேண்டும். முதல் நாள் 250 கிராம், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 250 கிராம் கூட்டினால் 10, 12 நாளில் முழு அளவு வரும். நுண்ணுயிர்க் கூட்டம் மாற அவ்வளவு காலம் வேண்டும்.

பருத்திக்கொட்டை:
மாவுச்சத்து ஏற ஏற முதல் வயிற்றுப் புளிப்பில் உண்டாகும் அமிலங்களில் புரோப்பியோனேட் கூடும், அசிட்டேட்டின் பங்கு குறையும். பால் கொழுப்புக்கு மூலப்பொருளே அசிட்டேட். 3.8 கொழுப்பு 3.5-க்கு இறங்கினால், எஸ்.என்.எஃப்.-ல் ஏறியது கொழுப்பில் கழியும். அதற்குப் பதில் முழுப் பருத்திக்கொட்டை 1 கிலோ வையுங்கள். எண்ணெய் 20%, புரதம் 23%, கூடவே நாரும் உண்டு. எரிசக்தியும் வரும், கொழுப்பும் இறங்காது.

தீவனக்கணக்கு:
எண்ணெய் மாட்டுக்கு எரிசக்தி, ஒப்புக்கொள்கிறேன். முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்கு அது எரிசக்தி அல்ல. அவை எண்ணெயைப் புளிக்கவைத்துப் பிழைக்க முடியாது. அதனால் நுண்ணுயிர்ப் புரதம் கூடாது. எண்ணெய் சேர்த்த தீவனத்தில் பால் புரதம் சற்றுக் குறைவதே வழக்கம். இங்கே கேட்டிருப்பது எஸ்.என்.எஃப். பற்றி. மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார்ச் செரிமானமும் கெடும். 1 கிலோ கொட்டையில் அந்த எல்லை வராது. பக்கத்துத் தொழுவத்தைப் பார்த்து 3 கிலோ வைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கொழுப்பு இறங்காமல் இருக்க, உலர்பொருளில் 40 சதவீதமாவது புல்லும் வைக்கோலுமாக இருக்கட்டும். என் கணக்கில் அது 58%. வைக்கோலைக் குறைக்காத வரை பயமில்லை.

வேலிமசால்:
இரண்டு பேரும் மடியைப் பார்க்கவே இல்லையே. வெளியே தெரியாத மடிநோய் இருந்தால் லாக்டோஸ் குறைந்து எஸ்.என்.எஃப். விழும். நான்கு காம்பையும் தனித்தனியாகச் சி.எம்.டி. (மடிநோய்ச் சோதனை) கரைசலில் சோதித்த பிறகு தீவனத்தில் கை வையுங்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்றும் கேட்கவில்லை. இந்த மாட்டுக்குத் தினம் 60, 70 லிட்டர் வேண்டும். இரண்டு வேளை மட்டும் காட்டினால் தீனி எடுப்பதே குறையும்.

நேப்பியர் புல்லிலும் வைக்கோலிலும் ஆக்சலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் தீவனத்தில் கலந்தே ஆக வேண்டும். அது எஸ்.என்.எஃப்.-ஐ ஏற்றும் என்று டப்பா விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். எலும்புக்கும் சினைக்கும் வேண்டியது அது. ஏ உயிர்ச்சத்துக்குப் பச்சைப் புல்லே போதும். முடிந்தால் 20 கிலோ கோ-5-ல் 5 கிலோவை வேலிமசாலாக (புரதம் மிகுந்த பயறுவகைப் பசுந்தீவனம்) மாற்றுங்கள், பிண்ணாக்குச் செலவு இன்னும் இறங்கும்.

பருத்திக்கொட்டை:
வேலிமசால் சரி. ஆனால் கன்று போட்ட 70 நாளில் உடல் வற்றிய மாட்டுக்குக் கொட்டைதான் கைகொடுக்கும் என்பதை நான் விடமாட்டேன். முதுகெலும்பு, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தாராபுரத்தார் சொல்லட்டும். துருத்தினால் அரைக் கிலோ கொட்டை, 1 கிலோ மக்காச்சோளம். இல்லாவிட்டால் உங்கள் கணக்கே நடக்கட்டும்.

தீவனக்கணக்கு:
அதைக்கூட ஏற்கலாம். எதுவானாலும் மீதி வைக்கும் பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் வீசிவிடுங்கள். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, பாலிலும் இறங்கும். வாடை இல்லை என்பதால் நஞ்சில்லை என்றும் ஆகாது. ஈரம் படாத புதுச் சரக்காக வாங்குங்கள். மாற்றம் தொடங்கி மூன்றாவது வாரம் காலை, மாலை இரண்டு பாலையும் சோதித்து, வரும் அளவுகளை இங்கே போடுங்கள்.