எஞ்சின் உதறுது: படகு எஞ்சின் வைத்திருப்பவர்கள், ஊருக்கு ஒருவராக, பார்த்ததும் பட்டதும்

முட்டம்

எங்கள் அண்ணனுடைய ஃபைபர் வள்ளத்தில் இருப்பது பின்பக்கம் வெளியே மாட்டும், மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த 61 நாளில்தான் சின்ன வள்ளக்காரனுக்கு நாலு காசு பார்க்க வழி. அந்த நேரம் பார்த்து எஞ்சின் உதற ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை வரை ஏறியது.

கரையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கார்புரேட்டரைக் கழற்று என்றார் ஒருவர். இன்னொருவர், பிஸ்டன் போச்சு, புது எஞ்சினுக்குக் காசு சேர்க்கத் தொடங்கு என்றார்! வந்த மெக்கானிக் மேல்மூடியில் கையே வைக்கவில்லை. "எப்ப உதறுது? சும்மா நிக்கும்போதா, கியர் போட்டு இழுக்கும்போதா?" என்று மட்டும் கேட்டார். நியூட்ரலில் ஒன்றும் இல்லை, எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் சீராகத்தான் இருக்கு, கியர் விழுந்த பிறகுதான், வேகம் கூடக் கூட உதறலும் கூடுது என்றோம். "அப்ப கோளாறு தண்ணிக்குக் கீழ இருக்கு" என்றார்.

யோசித்தால் சரிதான். நியூட்ரலில் கிராங்க், ஃப்ளைவீல், கீழே இறங்கும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாமே சுற்றுகின்றன. சுற்றாமல் இருப்பது புரொப்பல்லரும் அது மாட்டியிருக்கும் ஷாஃப்டும்தான். ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயராக இருந்தால் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

முதலில் இரண்டு பிளக் கேப்பையும் பிடுங்கிவிட்டார். கையால் புரொப்பல்லரைச் சுற்றும்போது எஞ்சின் தவறிப்போய்ப் பற்றினால் விரல் மிஞ்சாது. அப்புறம் ஒரு பென்சிலை கியர்பெட்டியோடு சேர்த்து அசையாமல் பிடித்து, அதன் முனை புரொப்பல்லரின் ஒரு இலையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வைத்தார். நியூட்ரலில் மெதுவாகச் சுற்றினார். இரண்டாவது இலையும் அப்படியே உரசிப் போனது. மூன்றாவது நுனிக்கும் பென்சிலுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. எப்போதோ பாறையிலோ மிதக்கும் கட்டையிலோ தட்டியிருக்க வேண்டும்.

இங்கே பலரும் நிறுத்திவிடுவார்கள், அவர் நிறுத்தவில்லை. நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் காட்டர் பின்னை எடுத்து புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாஃப்ட் முனையிலும் அதே பென்சிலை வைத்துச் சுற்றிப் பார்த்தார். முனை ஆடினால் ஷாஃப்டும் வளைந்திருக்கிறது, புது புரொப்பல்லர் போட்டாலும் உதறல் போகாது. நல்லவேளை, நேராக இருந்தது. ஸ்பேர் புரொப்பல்லரை மாட்டினோம், அன்றைக்கே கடலுக்குப் போயாச்சு. வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டேன். அலுமினியம் விரிசல் விடும், நடுக்கடலில் இலை ஒடிந்தால் யார் கட்டி இழுப்பது என்றார்.

பாம்பன்

புரொப்பல்லரைக் கழற்றுகிறவர்கள் அதற்குப் பின்னால் ஷாஃப்டையும் ஒரு தடவை பாருங்கள். என் எஞ்சினில் லேசான உதறல்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வீஸுக்குக் கழற்றியபோது தங்கூசி (நைலான் நரம்பு) ஒரு கொத்து அங்கே சுற்றிச் சூட்டில் உருகி வளையமாக இறுகிக் கிடந்தது. ஷாஃப்டைச் சுற்றித் தண்ணியைத் தடுக்கும் ஆயில் சீலை அறுத்துவிட்டது. கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தது, அதாவது கடல்தண்ணி உள்ளே போயாச்சு. சீல் விலை ஒன்றும் பெரிதில்லை, பேரிங்கும் கியரும்தான் காசைப் பிடுங்கின.

தூத்தூர்

எனக்கு நேர் எதிர். ஸ்லோவில் எஞ்சின் தலையை ஆட்டும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராக விடுவித்துப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் திணறும் அல்லது நின்றே போகும், செத்த சிலிண்டரில் எடுத்தால் மாற்றமே இருக்காது. வெறும் கையால் செய்யாதீர்கள். எடுத்த வயரை எஞ்சின் உடம்போடு எர்த் செய்யாமல் விட்டால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி அடிவாங்கும்.

அடுத்து இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே மாறினால் பிளக். மாறாவிட்டால் காயில் அல்லது கார்புரேட்டர். எனக்கு பிளக்தான், கரி அப்பி ஈரமாக இருந்தது. மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். கரைக்கு வரும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துங்கள்.

மன்னார்

எங்களிட்ட 15 குதிரைவலு. கியர் போட்டாலும் போடாவிட்டாலும் அதிர்ந்தது. கிளாம்ப் திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் மறுநாள் தளர்ந்திருக்கும். எஞ்சினைச் சந்தேகித்து ரப்பர் மவுண்டிங் எல்லாம் மாற்றினார்கள், குறையவில்லை. கடைசியில் பார்த்தால் எஞ்சின் பூட்டுகிற பின்பலகைதான். ஃபைபருக்குள் இருக்கிற பிளைவுட், போல்ட் துளை வழியாகத் தண்ணி குடித்து ஊறிப்போயிருந்தது. தட்டினால் டொக்கென்று சத்தம், திருகாணியை இறுக்கத் துளையால் தண்ணி கசிந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்த பிறகுதான் நிம்மதி. துளையைச் சீலண்ட் போட்டு அடைக்காமல் எஞ்சின் பூட்டாதீர்கள்.

பழவேற்காடு

என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டர் குட்டி எஞ்சின், ஏரிக்குள் மட்டும். ஸ்லோவில் ஆடுது. வேகத்தில் உதறல் இல்லை, ஆனால் இன்னொன்று நடக்குது: சத்தம் மட்டும் எகிறும், படகு நகராது. இரண்டும் ஒரே கோளாறா?

முட்டம்

ஒற்றை சிலிண்டர் ஸ்லோவில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதற்குச் செலவு செய்யாதீர்கள். சத்தம் எகிறுவது வேறு விஷயம். புரொப்பல்லரின் நடுவே ஷாஃப்டைப் பிடிக்கும் ரப்பர் ஹப் இருக்கிற மாடல் என்றால் அது வழுக்கலாம். உள் ஹப்பிலிருந்து வெளி உடம்பு வரை பெயின்டில் ஒரு கோடு போட்டு, ஒரு நடை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் ஹப் போச்சு. விலகவில்லை என்றால், எஞ்சின் உயரமாக மாட்டியிருந்து புரொப்பல்லர் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும்.